‘முற்றிய புற்றுநோய்’ என்று பதில் எழுதியவர்களுக்கு

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளை நடத்தும் பொறுப்பில் இருக்கும் ஐயாக்களுக்கும் அம்மாக்களுக்கும்,

என் தம்பியின் சாவு பற்றி நான் கொடுத்த மனுவுக்கு உங்கள் பதில் வந்து சேர்ந்தது. மொத்தம் இரண்டே வாக்கியம். “நோயாளி முற்றிய இரைப்பைப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். சிகிச்சையில் குறைபாடு ஏதும் கண்டறியப்படவில்லை.” கீழே கையெழுத்து, முத்திரை. மனுவோடு நான் இணைத்திருந்த எக்ஸ்ரே, ஒவ்வொரு இடத்திலும் எழுதிக் கொடுத்த ரெஃபரல் சீட்டு, ஆபரேஷன் குறிப்பு, இறப்புச் சான்று, இதில் எதையும் யாரும் புரட்டிப் பார்க்கவில்லை என்பது அந்தப் பதிலைப் படித்தாலே தெரிகிறது. புரட்டியிருந்தால் ‘முற்றிய’ என்ற சொல்லை எழுதக் கை வந்திருக்காது.

நான் விவரம் தெரியாமல் கோபப்படுகிற ஆள் இல்லை. வடாற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் அரசு ஆஸ்பத்திரிகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள், அதில் பாதிக்கு மேல் சர்ஜரி வார்டு. ராத்திரி டியூட்டி என்றால் என்ன, ஒரே டாக்டர் கேஷுவால்டிக்கும் வார்டுக்கும் எப்படி ஓடுவார், கால் டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும், எல்லாம் எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த மடலில் ஊர் பெயரோ ஆஸ்பத்திரி பெயரோ எழுதவில்லை. எழுதினால் முதலில் மாட்டுவது அன்றைக்கு டியூட்டியில் நின்ற சின்ன வயசு டாக்டர்தான். அவருக்கு ஒரு மெமோ கொடுத்துவிட்டு ஃபைலை மூடிவிடுவீர்கள். அதற்காக நான் இதை எழுதவில்லை.

என் தம்பிக்கு 56 வயது. கைலி நெசவு. சாப்பிட்டால் நெஞ்சைக் கரிக்கிறது, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எங்கள் பக்கம் இதற்கெல்லாம் ஒரே பேர்தான், கேஸ் ட்ரபுள். மருந்துக்கடை மாத்திரையில் ஓடியது. எடை குறைய ஆரம்பித்தபிறகு எண்டோஸ்கோப்பி பார்த்தோம், இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புண், சதை எடுத்து அனுப்பினால் புற்றுநோய் என்று வந்தது. காப்பீட்டு அட்டை இருந்தது. நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க சி.டி. ஸ்கேனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அந்தத் தேதி வருவதற்கு முன்னால் ஒரு ராத்திரி, எட்டரை மணி இருக்கும், சுருண்டு விழுந்தான்.

“கத்தி வெச்சுக் குத்துற மாதிரி இருக்குது யக்கா” என்றான். அதற்கப்புறம் பேச்சே இல்லை. காலை மடக்கிக்கொண்டு அசையாமல் படுத்துவிட்டான், மூச்சுகூட மேலாக விட்டான். வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன், இறுகிக் கிடந்தது. சர்ஜரி வார்டில் இருந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தாலுகா ஆஸ்பத்திரியில் நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது பக்கம் உதரவிதானத்துக்குக் கீழே காற்று பிறையாகத் தெரிந்தது. இரைப்பை ஓட்டையாகி உள்ளேயிருந்த காற்று வயிற்றுக்குள் வந்துவிட்டது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. டியூட்டி டாக்டர் பார்த்தவுடனே சொன்னார், “பெர்ஃபரேஷன் சிஸ்டர், உடனே ஓபன் பண்ணணும், ஆனா நைட்டுக்கு இங்க மயக்க டாக்டர் இல்ல.” மூக்கு வழியாகக் குழாய் போட்டார், டிரிப் ஏற்றினார், ஆன்டிபயாடிக் ஊசி போட்டார், 108-ஐக் கூப்பிட்டார். அந்த இடத்தில் செய்யக்கூடியது எல்லாவற்றையும் அந்தப் பிள்ளை செய்தது. ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மணி பதினொன்று. எக்ஸ்ரேயைப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், அதுவரைக்கும் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வேறு ஏதாவது வியாதி உண்டா என்று கேட்டதும் பையிலிருந்து சதைப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்தோம். அந்த ஒரு காகிதத்தோடு எல்லாம் மாறிவிட்டது. “கேன்சர் கேஸா? இங்க ஆன்கோ சர்ஜன் கிடையாதே. கேன்சர் பாக்குற இடத்துக்குக் கொண்டுபோயிடுங்க. காஞ்சிபுரம், இல்லன்னா சென்னை.” வேலூரிலிருந்து சென்னை 140 கிலோமீட்டர் பக்கம் இருக்கும். வயிற்றுக்குள் எச்சிலும் அமிலமும் சாப்பாடும் கொட்டிக்கொண்டிருக்கிற ஆளை அவ்வளவு தூரம் கொண்டுபோகச் சொன்னார்கள். காஞ்சிபுரம் காரப்பேட்டை புற்றுநோய் ஆஸ்பத்திரியும் சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டும் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றிய இடங்கள். ஆனால் நடுராத்திரியில் வயிறு ஓட்டையாகி வருகிறவன் போய்ச் சேரவேண்டிய முதல் வாசல் அதுவா?

மூன்றாவது போனது ஒரு தனியார் இடம். அங்கே ஐ.சி.யூ.வில் பெட் இருந்தது, பணம் எங்களிடம் இல்லை. காப்பீட்டு அட்டையைக் காட்டினால், அந்தக் கவுன்டர் ஆள் காலையில்தான் வருவார், அதுவரைக்கும் டெபாசிட் கட்டுங்கள் என்றார்கள். தம்பி பெண்டாட்டி தாலிச் சரட்டைக் கழற்றப் போனாள், அந்த நேரத்தில் எந்த அடகுக்கடை திறந்திருக்கும்? கடைசியில் விடிந்தபிறகு நாலாவதாக ஒரு இடத்தில் ஒரு டாக்டர் எடுத்துக்கொண்டார். அவர் ஆன்கோ சர்ஜன் இல்லை, சாதாரண ஜெனரல் சர்ஜன்தான். தியேட்டருக்குள் போகும்போது பத்து மணி. எக்ஸ்ரேயில் காற்றைப் பார்த்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குள் பி.பி. இறங்கி, சிறுநீர் நின்று, நாக்கு குழற ஆரம்பித்துவிட்டது.

அந்த ஆபரேஷன் குறிப்பை நீங்கள் படிக்காததால் இங்கே எழுதுகிறேன். இரைப்பையின் கீழ்ப்பகுதி முன்சுவரில் ஒரு ஓட்டை. வயிறு முழுக்கச் சீழும் உணவும். கல்லீரலில் கட்டி இல்லை. வயிற்றுச் சவ்வில் எங்கும் பரவல் இல்லை. ஓட்டையின் மேல் கொழுப்புச் சவ்வை வைத்துத் தைத்து, வயிற்றைக் கழுவி, கசிவு வெளியே வர ஒரு குழாய் வைத்து மூடியிருக்கிறார். “தேறி வந்தா ஒரு மாசம் கழிச்சு இரைப்பைய எடுத்துடலாம்மா, எடுக்கக்கூடிய நெலமையிலதான் இருக்குது” என்று வெளியே வந்து சொன்னார். தம்பி தேறவில்லை. கிருமி ரத்தத்தில் ஏறி, கிட்னி போய், வென்டிலேட்டரில் வைத்து, அப்படியே போய்விட்டான். இறப்புச் சான்றில் காரணம் என்று எழுதியிருப்பது பெரிடோனைடிஸ், செப்டிக் ஷாக். அதாவது வயிற்றுச் சவ்வு அழற்சி, கிருமி ரத்தத்தில் ஏறி பி.பி. விழுந்துபோவது.

இப்போது சொல்லுங்கள், முற்றியது என்று யார் பார்த்தது? சி.டி. எடுக்கவே இல்லை. வயிற்றைத் திறந்து கண்ணால் பார்த்தவர் ஒரே ஒருத்தர், அவர் பரவவில்லை என்று கைப்பட எழுதிவைத்திருக்கிறார். நீங்கள் மேஜையில் உட்கார்ந்து முற்றியது என்கிறீர்கள்.

ஒரு விஷயத்தை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. இரைப்பைப் புற்றுநோய் இப்படி ஓட்டையாவது அபூர்வம், நூறு பேரில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் நடக்கும். அப்படி வருகிறவர்களில் பலருக்குத் தங்களுக்குப் புற்றுநோய் இருப்பதே தெரியாது. டாக்டரும் அல்சர் ஓட்டை என்று நினைத்து உடனே திறந்து அடைத்துவிடுவார், ஓரத்திலிருந்து எடுத்த சதையைப் பரிசோதித்தபிறகுதான் உண்மை தெரியவரும். என் வார்டிலேயே அப்படிப் பார்த்திருக்கிறேன். ஆக, நோய் என்னவென்று தெரியாமல் வந்தவனுக்கு ஆபரேஷன் நடக்கிறது, முறையாக எண்டோஸ்கோப்பி பார்த்து, ரிப்போர்ட் வாங்கி, கையில் வைத்துக்கொண்டு வந்தவனுக்கு வாசல் அடைக்கப்படுகிறது. அந்த ரிப்போர்ட்டைக் காட்டாமல் மறைத்திருந்தால் தம்பி பிழைத்திருப்பான் என்று எங்கள் உறவில் இன்றைக்கும் பேசுகிறார்கள். என்னால் அவர்களுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. இனி எங்கள் தெருவில் எவனாவது ஆஸ்பத்திரியில் முழு உண்மையைச் சொல்வானா?

ராத்திரி அந்த ஓட்டையை அடைக்கக் கேன்சர் டாக்டர் வேண்டியதில்லை. இது என் கருத்து இல்லை, நோயாளி ஆபத்தான நிலையில் இருந்தால் அறுவை சிகிச்சையை இரண்டாகப் பிரித்துச் செய்யும் வழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. முதலில் ஓட்டையை அடைத்து, வயிற்றைக் கழுவி, உயிரைப் பிடித்து நிறுத்துவது. சில வாரம் கழித்து, ஆள் தேறியபிறகு, ஸ்கேன் எல்லாம் பார்த்துப் புற்றுநோய்க்கான பெரிய ஆபரேஷன், நிணநீர்க் கட்டிகளையும் சேர்த்து எடுப்பது. இரண்டாவதற்குத்தான் காஞ்சிபுரமும் சென்னையும். முதலாவது, அல்சர் ஓட்டையை அடைக்கத் தெரிந்த எந்த சர்ஜனும் செய்யக்கூடியது. நம் டாக்டர்களுக்கு இது தெரியாது என்று நான் சொல்லவே இல்லை. தெரிந்திருந்தும் ‘கேன்சர்’ என்ற சொல்லைப் பார்த்ததும் கை பின்வாங்குகிறது. ஆள் செத்துப்போனால் கேள்வி வரும், ஐ.சி.யூ. பெட் பல நாள் மாட்டிக்கொள்ளும், அனுப்பிவிட்டால் சாவு வேறு கணக்கில் ஏறும். முப்பது வருஷம் உள்ளே இருந்தவள் சொல்கிறேன், ரெஃபர் என்ற சொல்லுக்குப் பின்னால் பாதி நேரம் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

நேரம் போனால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நர்சிங் காலேஜில் பாடம் எடுக்கும் என் மகள் எடுத்துக் கொடுத்தாள். டென்மார்க்கில் இரைப்பை, முன்சிறுகுடல் புண் ஓட்டையாகி ஆபரேஷன் செய்துகொண்ட 2600-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றி 2013-இல் வந்த ஆய்வு. ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து ஆபரேஷன் தள்ளிப்போகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு முந்தைய மணி நேரத்தைவிட 2.4 சதவீதம் குறைகிறது என்று அதில் இருக்கிறது. அது அல்சர் நோயாளிகளைப் பற்றியது, சரி. புற்றுநோயால் ஏற்கனவே மெலிந்துபோன உடம்பு அதைவிட அதிகமாகத் தாங்கும் என்று யாராவது வாதிடுவார்களா?

எல்லாரையும் திறந்துதான் ஆகவேண்டும் என்று நான் கேட்கவில்லை. வயிறு முழுக்கப் பரவி, நீர் கோத்து, எழுந்து உட்கார முடியாத ஆளுக்கு ஆபரேஷன் செய்வது கொடுமையாகத்தான் முடியும், அதையும் பார்த்திருக்கிறேன். ரத்த வாந்தி எடுத்து வருகிறவருக்கு முதலில் ரத்தம் ஏற்றி எண்டோஸ்கோப்பி வழியாக நிறுத்தப் பார்ப்பதுதான் முறை, கத்தி கடைசி. இரைப்பையின் வாய் அடைத்துப்போய் நேற்றுச் சாப்பிட்டதை இன்றைக்கு வாந்தி எடுக்கிறவரை அவசரமாகத் தியேட்டருக்குள் தள்ளவே கூடாது, குழாய் போட்டு, உடம்பின் நீர்ச்சத்தையும் பொட்டாசியத்தையும் சரிசெய்து, இரண்டு மூன்று நாளில் எடுக்கவேண்டும். ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் அப்படி வந்தார், எலும்பும் தோலுமாக, சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. நோய் பரவியிருந்தது, எடுக்க முடியாது. இருந்தாலும் எங்கள் சீஃப் இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்து ஒரு பைபாஸ் போட்டு அனுப்பினார். அதற்கப்புறம் மாதக்கணக்கில் அவர் கேழ்வரகுக் கூழ் குடித்தார், பேரன் கல்யாணத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்று மகன் வந்து சொல்லிவிட்டுப் போனான். முற்றிய நோய்தான். அதற்காகப் பட்டினி போட்டு அனுப்ப வேண்டும் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

திறப்பதா வேண்டாமா என்பதைப் பெரிய டாக்டர் ஒருவர் நோயாளியைத் தொட்டுப் பார்த்து, குடும்பத்தை உட்காரவைத்துப் பேசி, அந்த இடத்திலேயே முடிவு செய்யவேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்லி, வலிக்கு மார்ஃபின் கொடுத்து, ஒரு கட்டிலில் படுக்கவைக்கவேண்டும். என் தம்பிக்கு யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இங்கே வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்.

சட்டம் இதைப் பற்றி எப்போதோ பேசிவிட்டது. மேற்கு வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து அடிபட்ட ஒரு கூலித்தொழிலாளியை அரசு ஆஸ்பத்திரிகள் வரிசையாகப் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அரசு ஆஸ்பத்திரியில் உரிய நேரத்தில் சிகிச்சை கிடைக்காமல் போவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறுவது, பணமில்லை என்பதைச் சாக்காகச் சொல்லி அரசு தப்பிக்க முடியாது என்று தெளிவாகச் சொன்னார்கள். எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை காலி என்று உடனே தெரிந்து அங்கே நேராக அனுப்ப ஒரு தகவல் மையம் வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. 1996-இல். செல்போன்கூடப் பரவாத காலத்தில்.

நம் மாநிலத்தால் இது முடியாத காரியமும் இல்லை. 2021 டிசம்பரில் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் வந்தது. சாலையில் அடிபட்டவர் எந்த ஊர், அட்டை இருக்கிறதா இல்லையா என்று கேட்காமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், தனியார் ஆஸ்பத்திரியிலும், தொடங்கியபோதே ஒரு லட்சம் ரூபாய் வரை. எத்தனை குடும்பங்கள் அதனால் பிழைத்தன என்று பெங்களூர் ஹைவே ஓரத்தில் இருக்கிற எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. லாரி மோதி வயிறு கிழிந்தவனுக்கு இது உண்டு, உள்ளே இருந்தே வயிறு கிழிந்தவனுக்கு இல்லை. தியேட்டர் அதே தியேட்டர், சர்ஜன் அதே சர்ஜன்.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேலூருக்குக் கொல்கத்தாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து வைத்தியத்துக்கு வருகிறார்கள், காந்தி ரோடு லாட்ஜ் போர்டெல்லாம் வங்காளத்தில் எழுதியிருக்கிறது. வரட்டும், அது நம் ஊருக்குப் பெருமைதான். 1989-இல் திருவண்ணாமலை தனியாகப் போனது, 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன, கலெக்டர் ஆபீஸ் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே வந்தது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வயிற்றைத் திறக்கக்கூடிய தியேட்டர் எத்தனை கூடியது என்று அதே மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த நாங்கள் கேட்கலாம்தானே?

இனி நான் கேட்பவை.

முதலில் என் மனுவுக்கு நீங்கள் எழுதிய பதிலைத் திரும்பப் பெறுங்கள். ஆபரேஷன் குறிப்பையும் இறப்புச் சான்றையும் ஒரு மூத்த சர்ஜன் படித்துப் பார்த்து, உண்மையில் எதனால் தாமதம், எத்தனை மணி நேரத் தாமதம் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். யாருக்கும் தண்டனை வேண்டாம், மறுபடியும் சொல்கிறேன், அந்த டியூட்டி டாக்டரைத் தொடாதீர்கள்.

புற்றுநோய் என்ற காரணத்தை மட்டும் காட்டி வயிற்று அவசரத்தை ரெஃபர் செய்யக் கூடாது என்று எழுத்துப்பூர்வமாக ஒரு உத்தரவு போடுங்கள். ஓட்டை, அடைப்பு, ரத்தப்போக்கு எதுவாக இருந்தாலும் நோயாளி வந்த ஒரு மணி நேரத்துக்குள் சர்ஜன் ஒருவர் நேரில் பார்த்து முடிவை கேஸ் ஷீட்டில் எழுதவேண்டும், ஆபரேஷன் வேண்டாம் என்ற முடிவாக இருந்தாலும்கூட. அப்படி வேண்டாம் என்று முடிவானவருக்கு மார்ஃபினும் கட்டிலும் உறுதியாகக் கிடைக்கவேண்டும். அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால் அந்தப் பக்கத்து டாக்டரிடம் போனில் பேசி அவர் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னபிறகு அனுப்புங்கள், பேசியவர் பெயரும் நேரமும் ரெஃபரல் சீட்டில் இருக்கட்டும். குடும்பத்தை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்பது ரெஃபரல் ஆகாது.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்தாவது, 24 மணி நேரமும் சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும் ரத்த வங்கியும் உள்ள இடங்கள் எவை என்று முடிவு செய்து, ஒவ்வொரு ராத்திரியும் அங்கே யார் டியூட்டி என்பது 108 கன்ட்ரோல் ரூமுக்குத் தெரியும்படி செய்யுங்கள். வண்டி எங்கே போகவேண்டும் என்று டிரைவர் எங்களைக் கேட்கக் கூடாது.

காப்பீட்டுத் திட்டத்தில் இந்த மாதிரி வயிற்று அவசர ஆபரேஷன்களுக்கு விபத்துக்குக் கொடுக்கிற மாதிரியே முதல் 48 மணி நேரத்தைக் கொடுக்கவேண்டும் என்று அரசுக்கு உங்கள் தரப்பிலிருந்து எழுதுங்கள். முதலில் சிகிச்சை, காகிதம் அப்புறம். நான் எழுதினால் அது இன்னொரு மனு, நீங்கள் எழுதினால் அது பரிந்துரை.

தாலுகா ஆஸ்பத்திரிகளில் வாரத்தில் ஒரு நாளாவது எண்டோஸ்கோப்பி வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் ஒருவர் எடை குறைகிறது, சாப்பாடு இறங்கவில்லை, மலம் கறுப்பாகப் போகிறது என்று வந்தால் கேஸ் மாத்திரை எழுதி அனுப்பாமல் குழாய் விட்டுப் பாருங்கள். புற்றுநோய் உறுதியானவருக்கு ஸ்கேன் தேதி வாரக்கணக்கில் தள்ளிப்போகக் கூடாது, ஓட்டையானால் என்ன அறிகுறி, எங்கே வரவேண்டும் என்று ரிப்போர்ட் கொடுக்கிற அன்றைக்கே வீட்டாருக்குச் சொல்லி அனுப்பவேண்டும்.

கடைசியாக, வயிற்று அவசர ஆபரேஷன் ஒவ்வொன்றுக்கும் நோயாளி வந்த நேரம், தியேட்டருக்குள் போன நேரம், முடிவு என்ன என்று ஒரு பதிவேடு வையுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013-இலிருந்து அப்படி ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது, முதலில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 11.8 சதவீதம், சில ஆண்டுகளில் அது பத்துக்குக் கீழே வந்தது. பதிவேட்டை மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், நோயாளி பெயர் வேண்டாம், நேரம் மட்டும் போதும். ஒட்டப்போகிறீர்களா இல்லையா என்பதை முப்பது நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். பதில் வராவிட்டால் இதே கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் தனித்தனியாக அனுப்புவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ்,
வேலூர் மாவட்டம்.